அடுத்தவன் பெட்டியில் கேம் வராமலிருக்கக் காசு: கொடுப்பவனுக்கு என்ன மிச்சம்?

கொழும்பில் யூனிட்டி பிளாசாவிலோ லிபர்டி பிளாசாவிலோ கொன்சோல் (கேம் விளையாடும் பெட்டி) விலை கேட்கப் போனால், எத்தனை ஜிபி, எத்தனை கே என்ற பேச்செல்லாம் பிறகுதான். கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன கேம் விளையாடுறதுக்கு எடுக்கிறீங்க?" என்றுதான். காற்பந்தும் கோல் ஒஃப் டியூட்டியும் போதும் என்றால் பிளேஸ்டேஷனும் சரி, எக்ஸ்பொக்ஸும் சரி. கையிருப்பில் எது மலிவோ அதைக் காட்டுவார். ஸெல்டா வேண்டும் என்று சொல்லிவிட்டால் பேரமே இல்லை, நின்டெண்டோ அலுமாரி பக்கம் கூட்டிப்போவார்.

பிளேஸ்டேஷன் செய்யும் சோனி, எக்ஸ்பொக்ஸ் செய்யும் மைக்ரோசொப்ட், நின்டெண்டோ மூன்றும் எக்ஸ்க்ளூசிவ், அதாவது தன் பெட்டியில் மட்டும் வரும், கேம்களுக்குக் காசு கொட்டுவது இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆனால் அந்தக் கேள்வியை எதிர்கொள்கிறவர் இன்னும் கொன்சோல் வாங்காதவர். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவரிடம் அது கேட்கப்படுவதில்லை. கொடுக்கும் காசு திரும்பி வருமா, வராதா என்பது இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது.

எக்ஸ்க்ளூசிவ் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு வியாபாரங்கள் இருக்கின்றன. முதலாவது, ஸ்டூடியோவையே வாங்கிச் சொந்தமாக்குவது: 2002இல் மைக்ரோசொப்ட் 375 மில்லியன் டொலருக்கு ரேர் நிறுவனத்தை வாங்கியது, 2019இல் சோனி 229 மில்லியனுக்கு இன்சொம்னியாக்கை வாங்கியது. அடுத்தது, வேறு எவரும் எடுக்காத கேமுக்கு முதல் போடுவது. செகா கைவிட்ட பேயோநெட்டா 2க்கு நின்டெண்டோ காசு கொடுத்தது இந்த வகை. மூன்றாவது, எப்படியும் எல்லாப் பெட்டிகளுக்கும் வரவிருந்த கேமை ஆறு மாதமோ ஒரு வருடமோ அடுத்தவனிடம் போகாமல் நிறுத்துவது. நான்காவது, கேம் எல்லாரிடமும் வரட்டும், விளம்பரத்தில் மட்டும் எங்கள் பெயர் வரட்டும், ஒரு மேலதிகப் பகுதி எங்களிடம் முதலில் வரட்டும் என்ற ஏற்பாடு. இவற்றோடு, அடுத்தவனின் சந்தா சேவையில் கேமைச் சேர்க்கக் கூடாது என்று கொடுக்கும் காசும் உண்டு. 2022இல் பிரேசில் போட்டி ஆணையத்திடம் கொடுத்த பதிலில், தன் கேம் பாஸ் சேவைக்குக் கேம்கள் வராமலிருக்க சோனி காசு கொடுக்கிறது என்று மைக்ரோசொப்ட் எழுதியிருந்தது.

இவற்றில் மூன்றாவது வகையைத்தான் "காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்க்ளூசிவ்" என்று ரசிகர்கள் திட்டுவார்கள். வெளியே தெரியும் சத்தம் அதில்தான் அதிகம். என் கணக்கில் இலாபம் மிகக் குறைவாக இருப்பதும் அதில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

பெட்டி விற்று எவரும் பெரிதாக உழைப்பதில்லை. 2006இல் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) வந்தபோது 499 டொலருக்கு விற்ற 20 ஜிபி பெட்டியைச் செய்ய 800 டொலருக்கு மேல் பிடித்தது என்று ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துக் கணித்தது. 2021இல் கேம் நிறுவனமான எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் மைக்ரோசொப்ட் சார்பில் சாட்சி சொன்ன அதிகாரி, எக்ஸ்பொக்ஸ் பெட்டி விற்பனையில் இலாபம் கண்டதே இல்லை என்றார். நின்டெண்டோவின் ஸ்விட்ச் இதற்கு விதிவிலக்கு. மற்ற இரண்டு பேரும் கடையை முதலில் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு வாடகை எடுக்கிறவர்கள். டிஜிட்டலில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதம் பெட்டிக்காரனுக்கு. 70 டொலர் கேம் என்றால் 21 டொலர் அவனுக்கு, 49 டொலர் வெளியீட்டாளருக்கு. டிஸ்க்கில் விற்றால் விநியோகஸ்தரும் கடைக்காரரும் குறுக்கே வருவதால் பங்குகள் சுருங்கும்.

இனி ஒரு உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்த ஒப்பந்தத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. ஒரு கேம் இரண்டு பெட்டிகளிலும் வந்தால் பெரிய பெட்டியில் 60 இலட்சம், சின்னப் பெட்டியில் 30 இலட்சம் பிரதி விற்கும் என்று வைப்போம். பெரியவன் அதைத் தனக்கு மட்டும் என்று கேட்கிறான். வெளியீட்டாளர் இழக்கப்போவது சின்னப் பெட்டியின் 30 இலட்சம் பிரதிகளை. அந்த 30 இலட்சம் பேரில் ஐந்தில் ஒருவர், அதாவது 6 இலட்சம் பேர், கேமுக்காகப் பெரிய பெட்டியில் எப்படியாவது வாங்கிவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டால், மிஞ்சும் இழப்பு 24 இலட்சம் பிரதி. தலா 49 டொலர் வீதம் 117.6 மில்லியன் டொலர். அதற்குக் கீழே கொடுத்தால் வெளியீட்டாளர் கையெழுத்து வைக்கக் காரணமே இல்லை.

பெரியவனுக்கு என்ன கிடைக்கிறது? தன் பெட்டியில் ஏற்கெனவே வாங்கவிருந்த 60 இலட்சம் பேரிடமிருந்து ஒரு சதம்கூட மேலதிகமாக வராது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த 21 டொலர் அவனுக்கு வந்திருக்கும். புதிதாக வருவது இடம் மாறிய 6 இலட்சம் பேரின் 21 டொலர் மட்டும்: 12.6 மில்லியன். மீதி 105 மில்லியனையும் அந்த 6 இலட்சம் பேருக்குள் புதிதாகக் கொன்சோல் வாங்கியவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி ஒருவர் பெட்டியின் ஆயுளில் மேலும் எட்டு கேம் டிஜிட்டலில் வாங்கினால் 168 டொலர். வருடம் 80 டொலர் சந்தாவை மூன்று வருடம் கட்டினால் 240. சுமார் 400 டொலர். 105 மில்லியனை 400ஆல் வகுத்தால் 2,62,500 பேர். இடம் மாறிய 6 இலட்சம் பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இந்த ஒரு கேமுக்காகவே பெட்டி வாங்கியிருக்க வேண்டும். மீதிப்பேர் இரண்டு பெட்டியும் முன்பே வைத்திருந்தவர்கள். முடியாத காரியம் இல்லை, ஆனால் கடினம்.

இதையே சின்னவன் செய்யப் போனால் கணக்கு தலைகீழாகிறது. இப்போது வெளியீட்டாளர் இழப்பது 60 இலட்சம் பிரதி. அதில் பத்தில் ஒருவர், அதே 6 இலட்சம் பேர், சின்னப் பெட்டிக்கு மாறுவார்கள் என்று தாராளமாகக் கொடுத்தாலும் இழப்பு 54 இலட்சம் பிரதி, 264.6 மில்லியன் டொலர். 12.6 மில்லியனைக் கழித்து 400ஆல் வகுத்தால் 6,30,000 புதிய கொன்சோல் வேண்டும். மாறியவர்களே 6 இலட்சம்தான்! அத்தனை பேரும் புதுப்பெட்டி வாங்கினாலும் கை நட்டம்.

ஆகவே எக்ஸ்க்ளூசிவ் தேவைப்படுகிறவனுக்கு அது விலை அதிகம். மலிவாக வாங்கக்கூடியவனுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. பிஎஸ்5 முன்னால் ஓடும் இந்தத் தலைமுறையில் சோனியால் இதைச் செய்ய முடிந்ததும், எக்ஸ்பொக்ஸ் தனி கேம்களுக்குக் காசு கொடுப்பதை விட்டுவிட்டு நிறுவனங்களையே வாங்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கால்தான். 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணைய வழக்கில் எக்ஸ்பொக்ஸின் அப்போதைய தலைவர் பில் ஸ்பென்சர் இதைச் சத்தியம் செய்தே சொன்னார்: டெத்லூப், கோஸ்ட்வயர் டோக்கியோ இரண்டையும் எக்ஸ்பொக்ஸுக்கு வராமல் சோனி நிறுத்தியிருந்தது, ஸ்டார்ஃபீல்டும் அப்படிப் போகலாம் என்று கேள்விப்பட்டது ஸெனிமெக்ஸை வாங்கத் தூண்டிய காரணங்களில் ஒன்று என்று. ஸெனிமெக்ஸ்தான் இந்த மூன்று கேம்களுக்கும் சொந்தக்கார நிறுவனம். அந்தக் கொள்வனவின் விலை 7.5 பில்லியன் டொலர். இரண்டு கேம்களுக்கு ஒரு வருடம் வேலி போட்ட சோனி, எதிரியை முழுத் தோட்டத்தையும் வாங்க வைத்துவிட்டது. இந்தச் செலவை யாரும் ஒப்பந்தத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

பலித்தவை

பழைய உதாரணங்களில் மிக மலிவாக வாங்கப்பட்டு மிக அதிகம் கொடுத்தது ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ). 2001இல் எக்ஸ்பொக்ஸ் வரப்போகிறது என்ற பயத்தில் சோனியின் ஐரோப்பியக் கிளை சில வெளியீட்டாளர்களிடம் போய் அடுத்த கேம்களைச் சில காலம் தனக்கு மட்டும் என்று வாங்கியது. ஜிடிஏ 3 அந்த ஒக்டோபரில் பிஎஸ்2இல் வந்தது; எக்ஸ்பொக்ஸுக்கு 2003 கடைசியில்தான். மேலிருந்து பார்க்கும் முதல் இரண்டு ஜிடிஏக்களைப் பார்த்துவிட்டு மூன்றாவது இப்படி வெடிக்கும் என்று எவரும் எண்ணவில்லை, ஆகவே விலையும் ஏறவில்லை. பிஎஸ்2 கடைசியில் 160 மில்லியன் பெட்டிகள் விற்றது. ஒப்பந்தம் இலாபமாக முடிவதற்கு இதுதான் இலக்கணம்: பெட்டி புதிது, பெரும்பாலானோர் இன்னும் வாங்கவில்லை, கேமின் பெறுமதி சந்தைக்குத் தெரியாது.

அதே ஜிடிஏயில், பெறுமதி எல்லாருக்கும் தெரிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜிடிஏ 4 இரண்டு பெட்டிகளிலும் 2008 ஏப்ரலில் ஒரே நாளில் வந்தது. அதன் இரண்டு மேலதிகக் கதைகளை எக்ஸ்பொக்ஸ் 360க்கு முதலில் கொடுப்பதற்கு மைக்ரோசொப்ட் 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது. வெளியீட்டாளரின் நிதி அதிகாரியே இதை வெளியே சொன்னார். முதல் கதை 2009 பெப்ரவரியில் வந்தது, 2010 ஏப்ரலில் இரண்டும் பிஎஸ்3க்குப் போய்விட்டன. மேலதிகக் கதைக்காகப் பெட்டி வாங்குகிறவர் எத்தனை பேர்? மூலக் கேமையே எந்தப் பெட்டியிலும் விளையாடலாம் என்னும்போது? அந்தத் தலைமுறை முடியும்போது பிஎஸ்3 87 மில்லியனைத் தாண்டியது, 360 கடைசியாக அறிவித்த கணக்கு 84 மில்லியன். 50 மில்லியன் எங்கே போனது என்று தேடினால் விளம்பரக் கணக்கில்தான் கண்டுபிடிக்கலாம்.

நின்டெண்டோவின் பேயோநெட்டா வேறு மாதிரி. 2014இல் பேயோநெட்டா 2 வந்த வீ யூ மொத்தமாக 13.56 மில்லியன்தான் விற்ற பெட்டி. அந்தக் கேம் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் முதல் போட்டது நின்டெண்டோ என்பதால் அது அவர்களுடனேயே ஸ்விட்ச்சுக்குப் போனது: 2018இல் இரண்டாம் பாகம் மறுபடி விற்றது, 2022இல் மூன்றாம் பாகம் வந்தது. நிறுத்தி வைப்பதற்குக் கொடுத்த காசு காலக்கெடுவோடு செத்துப்போகும். உண்டாக்குவதற்குக் கொடுத்த காசு அடுத்த பெட்டிக்கும் கூட வரும். இல்லாத ஒரு கேமை வரவைத்தார்கள் என்பதால் ரசிகர்களின் திட்டும் குறைவு.

விளம்பர ஒப்பந்தத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. கோல் ஒஃப் டியூட்டி எல்லாப் பெட்டியிலும் வருகிற கேம். 2015 பிளக் ஒப்ஸ் 3இலிருந்து விளம்பரத்தின் கடைசியில் பிளேஸ்டேஷன் இலச்சினை வரத் தொடங்கியது. 2019 மொடர்ன் வோர்ஃபேரில் ஒரு சின்ன விளையாட்டு முறை ஒரு வருடம் பிஎஸ்4க்கு மட்டும். வெளியீட்டாளருக்கு எந்தப் பிரதியும் இழப்பில்லை, ஆகவே விலை குறைவு. ஆனால் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்த சாதாரண ஆள் "இது பிளேஸ்டேஷன் கேம்" என்றே மனதில் எடுத்துக்கொள்வார். காசுக்குக் காசு பார்த்தால் எல்லா வகையிலும் சிறந்த கொள்வனவு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பொருளியல் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2000 முதல் 2005 வரையான அமெரிக்கச் சந்தைத் தரவை வைத்து ராபின் லீ 2013இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்க்ளூசிவ்களைத் தடை செய்திருந்தால் கொன்சோல் விற்பனை 7 சதவீதமும் கேம் விற்பனை 58 சதவீதமும் கூடியிருக்கும், வாங்குகிறவர்களுக்கு 1.5 பில்லியன் டொலர் அளவு நன்மை வந்திருக்கும் என்று கணித்தார். அதே ஆய்வின் இன்னொரு முடிவு: எக்ஸ்க்ளூசிவ்களால் நன்மை அடைந்தவர்கள் முன்னால் நின்ற பிஎஸ்2 அல்ல, புதிதாக நுழைந்த எக்ஸ்பொக்ஸும் நின்டெண்டோவின் கேம்கியூபும்தான். மேலே நான் போட்ட கணக்கோடு இது மோதுவது போலத் தெரியும். மோதவில்லை. சின்னவனுக்கு எக்ஸ்க்ளூசிவ் உயிர், ஏனென்றால் அது இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வாங்கக் காரணமே இல்லை. ஆனால் அதை வெளியே சந்தை விலைக்கு வாங்கினால் நட்டம்; சொந்தமாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். ஹேலோவைச் செய்த பங்கி நிறுவனத்தை 2000இலேயே மைக்ரோசொப்ட் வாங்கிவைத்தது. 2001 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் வெளிவந்தபோது கூடவே வந்த அந்த ஒரு கேம் இல்லாவிட்டால் இன்று அந்தப் பெயர் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எங்கே கெட்டுப்போகிறது

முதல் கோளாறு நாள் பார்ப்பதில். ரைஸ் ஒஃப் த டூம் ரைடரை ஒரு வருடத்துக்கு வாங்கிய மைக்ரோசொப்ட் அதை 2015 நவம்பர் 10இல் வெளியிட்டது. அதே நாளில் ஃபோல்அவுட் 4 வந்தது. காசு கொடுத்த கேமை மழையில் வைத்த கோலம் போல ஆக்கிக்கொண்டார்கள். 2016 ஒக்டோபரில் பிஎஸ்4க்கு வந்தபோது மேலதிகப் பகுதிகள் எல்லாம் சேர்த்து இருபதாண்டு நிறைவுப் பதிப்பாக வந்தது. பொறுத்திருந்தவருக்கு நல்ல சாமான் கிடைத்தது.

அடுத்தது வாயைத் திறப்பதில். ஜப்பானிய வெளியீட்டாளரான கப்கொம் 2002இல் கேம்கியூபுக்கென்று ஐந்து கேம்களை அறிவித்தது. அதில் முத்து ரெசிடென்ட் ஈவில் 4. அது 2005 ஜனவரியில் வந்தது, ஆனால் பிஎஸ்2க்கும் வரும் என்று அதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். கேம்கியூப் வாங்க யோசித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திக்கொள்வாரா, மாட்டாரா? அதே வருடம் ஒக்டோபரில் பிஎஸ்2 பதிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது, ஆள் மாறிப் போவது. ஜப்பானில் எக்ஸ்பொக்ஸ் 360ஐ விற்க மைக்ரோசொப்ட் ஃபைனல் ஃபேன்டசியை உண்டாக்கிய சகாகுச்சியைப் பிடித்து புளூ டிராகன், லொஸ்ட் ஒடிசி இரண்டுக்கும் முதல் போட்டது. கேம்கள் நன்றாகத்தான் இருந்தன. ஜப்பானில் 360 மொத்தம் சுமார் 16 இலட்சத்தோடு நின்றது. ஒரு கேமுக்காகப் பெட்டி வாங்கியவர் அடுத்து என்ன வாங்குவார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கவில்லை. இணையம் வழியாகக் கேம் ஓடவிட்ட கூகிள் ஸ்டேடியா சேவையும் இதே குழியில்தான் விழுந்தது. பெரிய கேம்களைத் தன் சேவைக்குக் கொண்டுவரக் காசை இறைத்துவிட்டு 2023 ஜனவரியில் கடையை மூடியது.

நாலாவது, பெயர் எவனுடையது என்பது. 2014இல் டைட்டன்ஃபோலை எக்ஸ்பொக்ஸுக்கும் பிசிக்கும் மட்டும் என்று மைக்ரோசொப்ட் எடுத்தது, பெட்டியோடு சேர்த்து விற்றது, தன் காசில் ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. பெயரின் உரிமை வெளியீட்டாளரான ஈஏயிடமும் ஸ்டூடியோவிடமும். 2016இல் டைட்டன்ஃபோல் 2 பிஎஸ்4க்கும் வந்தது. தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், காய் பறித்தவன் இன்னொருவன். இப்படியான ஒப்பந்தத்தில் அடுத்த பாகத்துக்கு முதல் உரிமை கேட்காமல் கையெழுத்து வைப்பது மடத்தனம்.

இப்போது புதிதாக ஒரு கோளாறு சேர்ந்திருக்கிறது: விற்பவருக்கே ஒப்பந்தம் கட்டுப்படியாகாமல் போவது. ஃபைனல் ஃபேன்டசி 16 2023 ஜூனில் பிஎஸ்5க்கு மட்டும் வந்து முதல் வாரத்தில் 30 இலட்சம் போனது. ஃபைனல் ஃபேன்டசி 7இன் மறு ஆக்கத்தில் இரண்டாம் பாகமான ரீபர்த் 2024 பெப்ரவரியில், அதுவும் பிஎஸ்5க்கு மட்டும். 2024 மே மாதம் அவற்றின் வெளியீட்டாளரான ஸ்குவெயார் எனிக்ஸ் இனி எல்லாப் பெட்டிகளுக்கும் கொண்டுபோவோம் என்று தன் திட்டத்தையே மாற்றி அறிவித்தது. சோனி நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணங்களில் மறைக்கத் தவறிய எண்களின்படி லாஸ்ட் ஒஃப் அஸ் 2க்கு 220 மில்லியன், ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட்டுக்கு 212 மில்லியன் டொலர் செலவு. இந்த அளவு முதல் போட்ட கேமுக்கு ஒரு பெட்டியின் வாசல் போதாது. செலவு ஏற ஏற, அடுத்த பெட்டியைப் பூட்டுவதற்கு வெளியீட்டாளர் கேட்கும் நட்டஈடும் ஏறும்.

ஒன்லைனில் சேர்ந்து விளையாடும் கேம் என்றால் இன்னும் மோசம். அதற்கு ஆட்கள்தான் சரக்கு. சோனி ஹெல்டைவர்ஸ் 2ஐ 2024 பெப்ரவரியில் பிஎஸ்5, பிசி இரண்டிலும் ஒரே நாளில் விட்டது. பன்னிரண்டு வாரத்தில் 120 இலட்சம் பிரதி. 2025 ஓகஸ்டில் எக்ஸ்பொக்ஸுக்கும் கொடுத்துவிட்டது. மைக்ரோசொப்ட்டோ 2025இல் ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐயும் கியர்ஸ் ஒஃப் வோரையும் பிஎஸ்5க்கு அனுப்பிவைத்தது. பத்து வருடத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

கொழும்பில் இந்தக் கணக்கு எப்படி உடைகிறது

மேலே ஒரு புதிய வாடிக்கையாளருக்கு 400 டொலர் என்று போட்டேன். அது அமெரிக்க வாடிக்கையாளர். பிஎஸ்என் என்ற சோனியின் ஒன்லைன் சேவை உத்தியோகபூர்வமாக உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2க்குப் பிசியிலும் பிஎஸ்என் கணக்கு கட்டாயம் என்று சோனி சொல்லி, சேவை இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனையை நிறுத்தியபோதுதான் இந்தப் பட்டியலில் இல்லாததன் அர்த்தம் பலருக்குப் புரிந்தது. கணக்கு கட்டாயம் என்பதைச் சில நாளிலேயே வாபஸ் வாங்கினார்கள்.

வெள்ளவத்தையில் ஒருவர் துபாய் வழியாக வந்த பிஎஸ்5 வாங்குகிறார் என்று வைப்போம். பெட்டி விற்றது சோனியின் கணக்கில் ஏறும். பிறகு? டொலர் 300 ரூபா என்றால் 70 டொலர் கேம் 21,000 ரூபா. எத்தனை பேர் வெளிவந்த அன்றே அதைக் கொடுப்பார்கள்? பாவித்த டிஸ்க் வாங்கி, முடித்து, மாற்றி, இன்னொன்று வாங்குவதுதான் இங்கே பழக்கம். ஒரு டிஸ்க் கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று ஐந்து வீடு சுற்றினாலும் சோனிக்குக் காசு போனது முதல் தடவை மட்டும். கதை மட்டுமுள்ள எக்ஸ்க்ளூசிவ்கள் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடுவதால் அவைதான் மிக வேகமாகக் கைமாறும். அதாவது பெட்டியை விற்றுக்கொடுத்த கேமே வாடகை வராத கேமாகவும் இருக்கிறது. பிஎஸ்2 காலத்தில் சிப் போட்ட பெட்டியும் கொப்பி டிஸ்க்கும் என்றிருந்தபோது அதுவும் போகவில்லை. ஜிடிஏ இந்த நகரத்தில் எத்தனை பிஎஸ்2 விற்றதோ, அதற்குப் பிறகு சோனிக்கு வந்தது கிட்டத்தட்ட பூச்சியம். நட்டத்தில் விற்ற பெட்டிக்குப் பிறகு எதுவும் வாங்காத வாடிக்கையாளர், எக்ஸ்க்ளூசிவால் கவரப்பட்ட வாடிக்கையாளர்தான், ஆனால் அவர் கணக்கின் கடன் பக்கத்தில் நிற்கிறார்.

கிப்ட் கார்ட் வாங்கி டிஜிட்டலில் எடுப்பவர் மட்டும் முழு வாடகையும் கட்டுகிறார். அவர் கணக்கு அமெரிக்காவிலோ ஐக்கிய அரபு இராச்சியத்திலோ இருப்பதால் சோனியின் அறிக்கையில் அவர் இலங்கையராகவே தெரியமாட்டார்.

வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று விஷயம். பிஎஸ்5 டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் மேலதிகப் பகுதி டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். ஐரோப்பிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கணக்கில் ஃபைனல் ஃபேன்டசி 16இன் மேலதிகக் கதைகளை வாங்கினால் காசு போகும், கதை திறக்காது. உறையைப் பார்த்தால் தெரியும்: கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குள் ஆங்கில எழுத்தில் வயதுக் குறி இருந்தால் வட அமெரிக்கா, நிறப் பெட்டிக்குள் 12, 16, 18 என்று எண் இருந்தால் ஐரோப்பா. கிப்ட் கார்டும் கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டதோ அந்த நாட்டுக்கானதாக இருக்க வேண்டும், பிஎஸ்என் கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. ஆகவே கணக்குத் திறக்கும் முன்பே, உங்கள் கடையில் எந்த நாட்டு டிஸ்க் அதிகம் வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பிறகு, முன்னோட்டக் காணொளியின் கடைசியில் ஓடும் பொடி எழுத்து. "கொன்சோல் எக்ஸ்க்ளூசிவ்" என்றால் பிசிக்கு வரும் என்று அர்த்தம். மாதக் கணக்கு போட்டிருந்தால் வேறு பெட்டிக்கும் வர வழியுண்டு, ஆனால் அந்தத் திகதியில் வரும் என்றில்லை. ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கின் உறையில் ஒரு வருடக் கெடு அச்சிடப்பட்டிருந்தது. பிசி பதிப்பு கெடு முடிந்து எட்டு மாதம் கழித்து, 2021 டிசம்பரில் வந்தது. 16க்கு ஆறு மாதம் என்று போட்டார்கள்; பிசிக்கு 2024 செப்டெம்பரில், எக்ஸ்பொக்ஸுக்கு 2025 ஜூனில். கெடு முடிந்த பிறகும் இப்படி இழுபடுவதால் ஒரு வருடக் கெடுவை ஒன்றரை, இரண்டு வருடம் என்றே வாசியுங்கள். அதற்குள் கொழும்பில் பாவித்த டிஸ்க்கின் விலை பாதிக்கு வந்திருக்கும்.